ஒரே வாணலியில் பாஸ்தா செய்தது பற்றி மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஒரு மணிக்கட்டைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே மணிக்கட்டுகள் உட்பட அனைத்தும் நலமாக இருக்குமென்று நம்புகிறேன். வெளியூர் வேலையில் இருக்கும் உங்களுக்கு இவ்வளவு நீளமான கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். கைப்பேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் கைப்பேசிக்கு வரும் செய்திகளை உங்களுக்கு முன்பே என் மகள் படித்துவிடுகிறாள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நமக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. ஆகையால் நீங்கள் தங்கியிருக்கும் விடுதி முகவரிக்கே இதை அனுப்புகிறேன். விஷயம் இதுதான்: வருகிற சனிக்கிழமை நீங்கள் ஊர் திரும்பிக் காரை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் அத்தையை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஓர் ஏற்பாடு இருந்ததல்லவா, அந்த ஏற்பாடு ரத்து. கார் வர வேண்டாம். ஏன் வர வேண்டாம் என்பதை என் மகள் தன் பாணியில் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால், நடந்தது நடந்தபடி என் வாயால் கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் அத்தை மாடிப்படியில் கால் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு பற்றவில்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது குடும்பத்தில் ரகசியம் இல்லை. வெந்நீர் வைக்கத் தெரியும் என்று நான் அவ்வப்போது சொல்லிக்கொண்டதைக்கூட உங்கள் அத்தை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஆலை ஆலையாகப் போய், ஒரு தெருவே குளிக்கும் அளவுக்கு வெந்நீர் வைக்கிற இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுத்த ஒரு பாய்லர் இன்ஸ்பெக்டரைப் பற்றி வீட்டில் இப்படி ஓர் அபிப்பிராயம். போகட்டும். கடையிலிருந்து சாப்பாடு வரவழைத்துச் சாப்பிட்டோம். சாப்பிட்ட டப்பாக்களைக் குப்பைத் தொட்டியில் போட்டு மேலே பழைய செய்தித்தாளை மூடிவைத்தேன். உங்கள் மனைவி பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. வந்ததும் அம்மாவின் கையைப் பார்க்கவில்லை, நேராகக் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தாள், செய்தித்தாளை இரண்டு விரலால் தூக்கினாள், அதற்குப் பிறகு நான் அவள் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஆகிவிட்டேன்.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. “அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். நீங்களே ஒரு சாப்பாடு சமைச்சு வைங்க. அம்மா சமையல் ரூம் பக்கமே வரக் கூடாது. செஞ்சு காட்டிட்டீங்கன்னா அம்மா இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா கட்டுப் பிரிக்கிற வரைக்கும் எங்க வீட்லதான்.” நானும் கூட வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் கூடுதலாக இருப்பது பேத்தியின் அறையில் ஒரு கட்டில்தான். அதில் நான் படுத்தால் பேத்தி வராந்தாவில்தான் படுக்க வேண்டும், என் குறட்டைக்கு அதுவும் போதாது. சரி, தனியாக இருந்துகொள்ளலாமே என்றும் கேட்கலாம். மாப்பிள்ளை, இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் அத்தை இல்லாத வீட்டில் நான் இருந்ததில்லை. இருக்கவும் பிடிக்காது. இதைத் தவிர வேறு பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் உங்களுக்கு ரகசியமாகப் போன் போட்டேன். நீங்கள் ரயிலில் இருந்தீர்கள். “மாமா, கவலையே படாதீங்க. சாசேஜ் பாஸ்தா. ஒரே வாணலி, அரை மணி நேரம். எல்லாத்தையும் அதுலயே போட்டு மூடிட வேண்டியதுதான்” என்றீர்கள். நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதையும் போட்டு, தண்ணீர் ஊற்றி, தீயை மூட்டி, மூடியும் விட வேண்டும் என்று ஒரு பாய்லர் இன்ஸ்பெக்டரிடம் இவ்வளவு சாவகாசமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் துறையில் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு புத்தகமே உண்டு.

சாமான் வாங்கப் போன இடத்திலேயே முதல் தடங்கல். பாஸ்தாவும் சீஸும் மளிகைக் கடையில் கிடைத்தன, காய்கறியும் சுலபமாக முடிந்தது. குடைமிளகாய், சுக்கினி, தக்காளி, ஒரு கட்டுப் பசலை, வெங்காயம், பூண்டு எல்லாம் வாங்கினேன், காய்கறிக்காரர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, நானும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கறிக்கடையில்தான் பேச்சு வளர்ந்தது. சாசேஜ் என்பது என்ன என்று பாருங்கள். இரண்டு முனையும் முடிச்சுப் போட்ட ஒரு குழாய். உள்ளே ஈரம், கொழுப்பு. வெளியே மெல்லிய தோல். ஆவி வெளியேற ஓர் ஓட்டை கிடையாது. இதை நெருப்பில் வைக்கச் சொல்கிறார்கள். இந்தத் தோல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கறிக்கடைக்காரரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டு, “ஐயா, இதை வாங்கப் போறீங்களா, பரீட்சை எழுதப் போறீங்களா” என்றார். பின்னால் நின்ற வரிசை சிரித்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடாக ரொட்டியும் பழமும் முடிந்த கையோடு உங்கள் அத்தையைப் படுக்கையறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். நிபந்தனைக்காகவும்தான், பாதுகாப்புக்காகவும்தான். முதன்முறை தீ மூட்டும்போது தேவையில்லாத ஆட்கள் அருகில் இருக்கக் கூடாது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதை நான் யோசனை என்று கணக்கில் எடுக்கவில்லை, பக்கத்து அறையிலிருந்து வரும் சத்தம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டேன். உங்கள் மனைவி கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லவும்.

முதலில் வாணலியைச் சோதித்தேன். நல்ல அகலமான, அடிகனத்த வாணலி, கண்ணாடி மூடியுடன். சோதிக்காத பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது எனக்குப் பழக்கமில்லை. விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அடியில் காய்ந்த காகிதம் விரித்து, காகிதம் நனைகிறதா என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். “என்னங்க, சத்தத்தையே காணோமே, என்ன பண்றீங்க” என்று அறையிலிருந்து கேட்டாள். சொன்னேன். அதில்தான் அவள் காலங்காலமாகச் சமைப்பதாகவும் இதுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்றும் பதில் வந்தது. இத்தனை காலம் யாருமே சோதிக்காத பாத்திரத்தில்தான் நாம் சாப்பிட்டு வந்திருக்கிறோம் என்பதே எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது. காகிதம் நனையவில்லை. கைப்பிடியின் திருகு மட்டும் தளர்ந்திருந்தது, அதை இறுக்கினேன். இவ்வளவும் முடிவதற்குள் நீங்கள் சொன்ன அரை மணி நேரம் போய்விட்டது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

அடுத்தது பற்றவைத்தல். இதில் ஒரு சின்னச் சங்கடம். எங்கள் உத்தியோகத்தில் இன்ஸ்பெக்டர் எதையும் கையால் தொடுவதில்லை. தொட்டால் அப்புறம் நேரும் கோளாறுக்கு அவர் பொறுப்பாகிவிடுவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், “பற்றவையுங்கள்” என்று சொல்ல வேண்டும், ஆலைக்காரர்கள் பற்றவைப்பார்கள், நாம் பார்த்துக்கொண்டிருப்போம். உத்தியோகம் முழுக்க நெருப்புக்குப் பக்கத்திலேயே நின்ற நான் ஒரு தீக்குச்சி கிழித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு முன்னால் கைகட்டி நின்று, “பற்றவையுங்கள்” என்று சொன்ன பிறகுதான் அங்கே வேறு யாரும் இல்லை என்பதைக் கவனித்தேன். உள்ளே இருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்க வேண்டும். நானே பற்றவைத்தேன்.

சாசேஜை முழுசாகவே வதக்கிவிட்டு அப்புறம் துண்டு போடச் சொல்லியிருந்தீர்கள். ஆவி போக வழி வேண்டுமே என்று உங்கள் அத்தையின் ஊக்கு ஒன்றைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஒவ்வொரு சாசேஜிலும் வரிசையாகக் குத்தினேன். ஒன்றை மட்டும் குத்தாமல் விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும், அதுதான் முறை. குத்தியதெல்லாம் சமர்த்தாகப் பொரிந்துகொண்டிருந்தன. குத்தாதது மட்டும் வீங்கிக்கொண்டே போனது. மூடியைக் கேடயமாக முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். கண்ணாடி மூடி என்பதால் நன்றாகத் தெரிந்தது. வெடித்ததும் நன்றாகத் தெரிந்தது. சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை, ஆனால் கொழுப்பு மூடியைச் சுற்றிக்கொண்டு வந்து என் மூக்குக்கண்ணாடியில் அப்பிவிட்டது, சாசேஜில் பாதி மேலே விளக்கின் குடைக்குள் போய்விட்டது, நான் மூடியைக் கீழே போட்டேன், அது உடையாமல் தரையில் உருண்டு உருண்டு ஊரையே கூட்டியது. குத்தாத சாசேஜ் வெடிக்கும் என்பது இதனால் நிரூபணமாகிறது. கறிக்கடைக்காரருக்கு இதைத் தெரிவிக்க உத்தேசித்திருக்கிறேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஓடிவந்தார். நல்ல மனிதர், தனிக்கட்டை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிஸ்கட் தின்கிறவர். “எல்லாம் சரிதானே சார்” என்று கேட்டுக்கொண்டே மூக்கை அடுப்பு பக்கம் நீட்டினார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் வரை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இது உதவியாகாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். யோசித்துப் பார்த்துவிட்டேன், ஆகாது. மூடியைப் பிடிப்பது சமையல் என்றால் அதை மாட்டிவைக்கும் ஆணியும்தான் சமைக்கிறது. ஆனால் அவர் போகவில்லை. சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு, சாசேஜ் எவ்வளவு வாங்கினீர்கள் என்று விசாரித்தார். அவருக்கும் ஒரு தட்டு உண்டு என்று சொல்லும்படி ஆயிற்று.

அதன் பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெங்காயம் வதங்கியது, பூண்டு வாசனை வந்தது, குடைமிளகாயும் சுக்கினியும் போட்டேன், தக்காளி கரைந்தது, துண்டுபோட்ட சாசேஜைத் திரும்பச் சேர்த்தேன், காய்ந்த பாஸ்தாவைக் கொட்டினேன், தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டு மூடினேன். மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது, அதில் ஆவி வருகிறதா என்று முதலில் உறுதிசெய்துகொண்டேன். அப்போதுதான் அந்த நுரை. வெள்ளையாக, கொழகொழவென்று, மூடியையே தூக்கிக்கொண்டு கிளம்பியது. மாப்பிள்ளை, இந்த நுரையை நான் வேலை பார்த்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். பாய்லரில் நுரைத்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். கசடு சேர்ந்துவிட்டது. உடனே அடிவால்வைத் திறந்து கெட்ட தண்ணீரை வெளியேற்றி நல்ல தண்ணீர் விட வேண்டும், தாமதித்தால் ஆபத்து. என் எதிரில் எத்தனையோ பேர் பதறிப் போயிருக்கிறார்கள், நான் பதறியதில்லை. வாணலிக்கு அடிவால்வு இல்லாததால் கரண்டியால் மொண்டு பெரிய பேசினில் ஊற்றினேன். புதுத் தண்ணீர் விட்டேன். திரும்ப நுரைத்தது. திரும்ப மொண்டேன். பல் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இது என் துறை என்று கண்ணாலேயே சொன்னேன். நுரை அடங்கும்வரை விடவில்லை. கடைசியில் வாணலியில் தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. பாஸ்தாவும் சாசேஜும் காய்கறியும் அடியில் கிடப்பது மீன் தொட்டியில் பார்க்கிற மாதிரி துல்லியமாகத் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது.

படுக்கையறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. “என்னங்க, இவ்வளவு நேரம் வந்துட்டிருந்த வாசனை எங்க போச்சு?” நடந்ததைச் சொன்னேன். கதவு பாதி திறந்தது. பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: “அந்த நுரையிலதாங்க ருசியே. அந்த மாவுத் தண்ணிதான் கெட்டியாகிப் பாஸ்தாவோட ஒட்டும். நீங்க சாறை எல்லாம் வெளிய ஊத்திட்டு வெறும் தண்ணியைக் காய்ச்சிட்டிருக்கீங்க.” ஒரு துளியை எடுத்து ருசி பார்த்தேன். மருத்துவமனையில் கொடுக்கிற கஞ்சிகூட அதைவிட மேல். அதே நேரத்தில் மேசைமேல் கைப்பேசி அடித்தது. உங்கள் மனைவிதான், பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாளாம், நடந்து வந்துகொண்டிருக்கிறாளாம். எதிரே பாதி திறந்த கதவு. அதற்குள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் அத்தை உட்கார்ந்திருக்கிறாள். சனிக்கிழமை அந்தக் கட்டில் காலியாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

பல் டாக்டர்தான் பேசினைக் காட்டி, “இதை ஏன் சார் கொட்டாம வச்சிருக்கீங்க” என்று கேட்டார். சாதாரண ஆள் என்றால் அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்திருப்பான். பாய்லரிலிருந்து வெளியேற்றிய தண்ணீரை இன்ஸ்பெக்டர் பார்த்து முடிக்கும்வரை கொட்டக் கூடாது. அது சாம்பிள், பரிசோதனைக்குரியது. அந்த ஒழுங்கினால் அத்தனையும் அப்படியே பேசினில் கலங்கலாக, சிவப்பாக, கொழகொழவென்று உட்கார்ந்திருந்தது. நல்ல தண்ணீரையெல்லாம் வடித்துக் கீழே ஊற்றினேன், கெட்ட தண்ணீரையெல்லாம் திரும்ப வாணலியில் ஊற்றினேன். உத்தியோக காலத்தில் இப்படி ஒரு காரியத்தை எவனாவது என் கண்ணெதிரில் செய்திருந்தால் அந்த ஆலைக்கே பூட்டுப் போட்டிருப்பேன். தீயைக் கூட்டிவைத்தேன், நுரைத்தது, நுரைக்கட்டும் என்று கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் எனக்கு அது ரொம்பக் கஷ்டமான காரியம். சாறு சுண்டியது, பாஸ்தாவை ஒட்டிக்கொண்டு பளபளத்தது, வாசனை திரும்ப வந்தது. பசலையை அள்ளிப் போட்டேன், சீஸைத் துருவித் தூவினேன், அடுப்பை அணைத்தேன், அழைப்பு மணி அடித்தது.

மகள் உள்ளே வந்தாள். முதலில் குப்பைத் தொட்டி. அதில் வெங்காயத் தோல்தான் இருந்தது. அடுத்து அம்மாவிடம் போய் அந்த மாவுக்கட்டை மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள், பூண்டு வாசனை அடிக்கிறதா என்று. பெற்ற தாயை நம்பாத பெண்ணை உங்களுக்குக் கட்டிவைத்திருக்கிறோம், மாப்பிள்ளை, அதற்காகவும் இந்த இடத்தில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். மாவுக்கட்டிலிருந்து மருந்து வாசனைதான் வந்தது. உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன். பாஸ்தா ஒரு பதம் அதிகமாக வெந்திருந்தது, அதை மறைக்க மாட்டேன், இத்தனை முறை தண்ணீர் மாறினால் எதுவும் குழையத்தான் செய்யும். ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு வாய். காலியானதும் தட்டை நீட்டினாள். இன்னும் வைத்தேன்.

“நிஜமாவே நீங்கதான் செஞ்சீங்களாப்பா?” என்று கேட்டாள். பல் டாக்டர் வாய் நிறையப் பாஸ்தாவுடன் தலையை ஆட்டிச் சாட்சி சொன்னார். நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள் என்பதை நான் சொல்லவில்லை. “சரி, அம்மா இங்கயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். உங்கள் அத்தை இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் தட்டையே பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ யோசனையில் இருப்பதுபோல் இருந்தது. மனது நிறைந்துவிட்டால் அவளுக்குப் பேச்சு வராது.

ஆகவே வெற்றி. இரண்டு திருத்தங்களை மட்டும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அரை மணி நேரம் என்பது உண்மையில்லை. ஒரே வாணலி என்பதும் உண்மையில்லை. பேசின், அதற்கு மேல் வைத்த வடிதட்டு, ஊக்கு கொதிக்கவைத்த குவளை, சாசேஜ் ஆறப்போட்ட தாம்பாளம், கரண்டிகள், கத்தி, காய் நறுக்கிய பலகை, பல் டாக்டர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டு, எல்லாம் தொட்டியில் மலைபோல் கிடந்தன. மகளும் நானும் சேர்ந்து தேய்த்தோம். விளக்குக் குடையில் இருக்கும் பாதி சாசேஜ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஏணி கிடைத்ததும் எடுக்கப்படும். மற்றபடி உங்கள் செய்முறை ஏற்புடையதே. சனிக்கிழமை கார் எடுக்க வேண்டாம் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். ஓய்வெடுங்கள்.

பேத்தியின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்ததாகச் சொல்லுங்கள். அவள் பல் ஆட்டம் காண்பதாகக் கேள்விப்பட்டேன், இங்கே நம் கையில் ஓர் ஆள் இருக்கிறார். நீங்களும் என் மகளும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் பெற்று, கையோடு கை சேர்ந்து, ஒரு கையும் உடையாமல் வாழ வேண்டுமென்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு:

கடிதத்தை உறையில் போடுவதற்கு முன்னால் உங்கள் அத்தைக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். பெருமைக்காகத்தான், வேறொன்றுமில்லை. அவள் இல்லாத வீட்டைப் பற்றி உங்களிடம் மட்டும் சொன்னதை அவளிடம் படிக்கும்போது விட்டுவிட்டேன். முடிவுவரை கேட்டாள். சாசேஜ் வெடித்த இடத்தில் சிரித்தாள். பிறகு சொன்னாள்: “கார் வரட்டும். நான் போறேன்.”

ஏன் என்று கேட்டேன். “இத்தனை வருஷத்துல மக வீட்டுக்கோ என் தங்கச்சி வீட்டுக்கோ போய் ஒரு ராத்திரிக்கு மேல தங்கியிருக்கேனா? நான் போயிட்டா நீங்க என்ன சாப்பிடுவீங்கங்கிற ஒரே கவலைதான். போன இடத்துல வாயில சோறு வைக்க முடியாது. இப்பதான் உங்களுக்கே சமைக்கத் தெரிஞ்சுபோச்சே. பேத்திகூட இருக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. கட்டுப் பிரிச்சப்புறம் அப்படியே தங்கச்சி வீட்டுக்கும் போயிட்டு நிதானமா வரேன்.” கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

ஆகவே, மாப்பிள்ளை, மேலே எழுதியவை அனைத்தையும் நான் திரும்பப் பெறுகிறேன். எனக்குச் சமைக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சமைத்தது முழுவதும் பல் டாக்டர். நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் நான் கையெழுத்திட்ட ஒரே பொய் அறிக்கை மேலே இருப்பதுதான். பாஸ்தாவும் நன்றாக இல்லை, உங்கள் மனைவி பசியில் சாப்பிட்டுவிட்டாள். என்னைத் தனியாக விடுவது ஆபத்து என்று நீங்களே அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னால், அவள் அம்மாவிடம் சொல்வாள். உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பரண் மேலிருக்கும் பெட்டியை இறக்கித் தரச் சொல்லிக் கூப்பிட்டாள். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். என் இடுப்பில் ஒன்றுமில்லை. சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒற்றைக் கையால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு ஏறப்போனாள். அவள் முணுமுணுத்துக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. எழுந்துபோய் அவளை இறக்கிவிட்டு நான் ஏறினேன். பெட்டியை இறக்கி, தூசு தட்டி, கட்டில் மேல் வைத்திருக்கிறேன்.

பல் டாக்டரைப் பற்றி எழுதியது பொய். சமைத்தது நான்தான். சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். கொஞ்சம் தாமதமாக வாருங்கள்.